ஊட்டிக்கு மின்காரில் போகலாம்

சென்னையிலிருந்து ஊட்டிக்கு மின்காரில் கிளம்புகிறேன் என்றாலே, "நடுவழியில நின்னுட்டா?" என்கிறார் மாமா. கணக்கு தெரிந்தால் நிற்காது.

திரை காட்டும் கிலோமீட்டரை நான் நம்புவதில்லை. பல கார்களில் அது இதுவரை ஓட்டிய விதத்தை வைத்துச் சொல்வது. முன்னால் மலை இருப்பது அதற்குத் தெரியாது. மலையடிவாரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டி சுமார் 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,800 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே 9 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 40 யூனிட் பேட்டரியில் ஏறக்குறைய கால்வாசி! இறங்கும்போது ஒரு பகுதி திரும்பி வரும். ஆனால் ஊட்டியிலேயே 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், அதை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமிருக்காது. 80 போதும்.

மிச்ச சார்ஜைக் கணக்கிட்டு வழி சொல்லும் மேப் காரிலேயே இருந்தால், போனை விட்டுவிட்டு அதைப் போடுங்கள். சார்ஜை மிச்சப்படுத்த ஏசியை நிறுத்திப் புழுங்க வேண்டாம். வேகத்தை 110இலிருந்து 90க்குக் குறையுங்கள்.

உண்மையான தொல்லை, மேப்பில் பச்சையாகத் தெரியும் சார்ஜர் நேரில் செத்துக் கிடப்பதுதான். சார்ஜர் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி, அதில் முன்பணம் வேறு. எந்த சார்ஜர் இப்போது ஓடுகிறது என்ற தகவலை அந்த நிறுவனங்கள் எல்லா மேப்புக்கும் உடனுக்குடன் தரவேண்டும் என்று அரசு கட்டாயமாக்கட்டும். தராதவர்களுக்கு மானியம் எதற்கு?