மர்மக் கதையைக் கூடிப் படிப்போம்

துப்பறியும் நாவலுடன் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டால் நம் பெற்றோரில் பலர் முகம் சுளிக்கின்றனர். "அதை வைத்துவிட்டுப் பாடப் புத்தகத்தை எடு" என்பதே முதற் கட்டளை. ஆசிரியர்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்லர். திருக்குறளும் நன்னெறிக் கதைகளும் இருக்கும்போது, கொலையும் களவும் நிறைந்த கதை சிறுவர்க்கு எதற்கு என்று கேட்போரின் அச்சம் எனக்குப் புரிகின்றது. ஆயினும் அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மர்மக் கதையைப் பிள்ளைகள் படிக்கட்டும்; ஆனால் மூலையில் தனியே அமர்ந்து படியாமல், பலரோடு கூடிப் படிக்கட்டும் என்பதே என் கருத்து. அவ்வாறு நான் எண்ணுவதற்குக் காரணமான ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

1970களில் எங்கள் குடும்பம் நெகிரி செம்பிலானின் உட்பகுதியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தது. தாய், தந்தை இருவரும் பால்மரம் வெட்டுபவர்கள். என் தாய்மாமன் ஆறாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். சம்பளம் வாங்கியபின் சிரம்பானுக்குச் சென்றால், வீட்டுக்கு வேண்டிய பொருள்களோடு தமிழ்வாணனின் நாவல் ஒன்றையும் வாங்காமல் அவர் திரும்பமாட்டார். சனிக்கிழமை இரவுகளில் லயத்து வாசலில் அமர்ந்து அதனை உரக்கப் படிப்பார். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். அவர்களுள் பாதிப்பேர் எழுத்தறியாதவர்கள். துப்பறியும் சங்கர்லால் தேநீர் பருகிச் சிந்திக்கும் கட்டம் வந்தால், யாரேனும் ஒருவர் எழுந்து உள்ளே சென்று அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுவார். அத்தனை ஈடுபாடு!

தோட்டத்து மின்சாரம் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். கதையோ நெருக்கடியான இடத்தில் நிற்கும். மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி மிச்சத்தைப் படித்துவிடலாம்தான். மாமா படிக்கமாட்டார். "யார் செய்தது? எதை வைத்துச் சொல்கிறீர்கள்? யோசித்து வையுங்கள்" என்று புத்தகத்தை மூடிவிடுவார். மறுநாள் குழாயடியிலும் கோயில் வாசலிலும் அதே பேச்சு. திங்கட்கிழமை விடியற்காலையில் பெரட்டுக்களத்திலும் அதே பேச்சு. "எதை வைத்து?" என்னும் வினாவுக்கு விடை கூறமாட்டாதவர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் அவர் பேச்சு எடுபடாது. தண்டலானாலும் சரி, தோட்டக்காரரானாலும் சரி, அந்த வாசலில் எல்லாரும் ஒன்றுதான்.

அந்நாளில் ஒருமுறை பால் கொட்டகையிலிருந்து ஓர் ஒட்டுப்பால் மூட்டை காணாமற்போயிற்று. மூன்று மாதங்களுக்கு முன்பு வேறு தோட்டத்திலிருந்து குடிவந்த ஒரு குடும்பத்தின் மகன்மேல் பழி விழுந்தது. அவனுக்குப் பதினைந்து வயதிருக்கும். அவன் எடுத்ததை எவரும் பார்க்கவில்லை. ஊருக்குப் புதியவன், பள்ளியை விட்டு நின்றவன், கொட்டகைப் பக்கம் திரிந்தவன். அவனுக்கு எதிராக இருந்தவை இவை மட்டுமே. பள்ளிக்குச் செல்லும் வழியில் பிள்ளைகள் அவனைக் கண்டால் "ஒட்டுப்பால்! ஒட்டுப்பால்!" என்று கூவுவார்கள். நானும் கூவினேன். மாதம் முடியுமுன் அக்குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை மாமா புதிய நாவலைத் திறந்தார். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டி எப்போதும் அவருக்கு எதிரே அமர்ந்திருப்பார். ஓர் எழுத்தும் அறியாதவர். "கொஞ்சம் நிறுத்துப்பா. கதையில வர்றவனுக்கு எதை வச்சுச் சொல்றேன்னு கேக்குறோம். அந்தப் பையனுக்கு நம்மள்ல யாரு கேட்டோம்?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமா அன்று படிக்கவில்லை. மூட்டையை எடுத்தவர் யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாட்டி கேட்ட அந்தக் கேள்வியில்தான் மர்மக் கதையின் உயிர் இருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே உணர்ந்தேன். நம் சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாமல் ஆணையிட்டான் பாண்டியன், கோவலன் மாண்டான். கண்ணகி அவைக்களத்திற்கு அழுகையோடு மட்டும் வரவில்லை, சிலம்போடு வந்தாள். அரசியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துக் காட்டியதும் வழக்கு முடிந்தது. இதைவிடத் தெளிவான தடயத்தை எந்தத் துப்பறிவாளரும் காட்டியதாக நான் படித்ததில்லை. ஆனால் தடயம் வந்து சேர்ந்த நேரந்தான் பிந்திவிட்டது.

இன்று நாம் அறிந்துள்ள துப்பறியும் கதை மேல்நாட்டில் தோன்றியது. 1841இல் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ வழிகாட்டினார். 1887இல் கோனன் டாயிலின் செர்லாக் ஹோம்ஸ் வந்தார். தமிழர் அதிக காலம் காத்திருக்கவில்லை. 1894இலேயே பண்டித நடேச சாஸ்திரி தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்துவிட்டார். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், 1908இல் 'இராஜாம்பாள்' எழுதிய ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் பின்தொடர்ந்தனர். இவ்வரிசையில் நம் தாய்மார்கள் அறிந்துகொள்ள வேண்டியவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். தொடக்கத்தில் எழுதப் பழகாதவர் அவர். அவர் வாயாற் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தே முதற் படைப்பு உருவாயிற்று. அவரே பின்னர் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். எழுத்தறியாமை கதைக்குத் தடையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1929இல் இங்கிலாந்தில் ரொனால்டு நாக்ஸ் என்னும் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். வாசகருக்குக் காட்டாத தடயத்தைக் கொண்டு துப்பறிவாளர் குற்றவாளியைப் பிடித்தல் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. பிள்ளைகளை இவ்விதியைக் கொண்டு நாவல்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். தேவனின் துப்பறியும் சாம்புவை எடுத்துக்கொண்டால், அந்த அப்பாவி வங்கிக் குமாஸ்தா சான்றினால் வென்ற இடம் எது, குருட்டு அதிர்ஷ்டத்தால் வென்ற இடம் எது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சிரிப்பும் வரும், சிந்தனையும் வரும். அகதா கிறிஸ்டி 1927இல் எழுதிய ஒரு சிறுகதையில், சிலர் செவ்வாய்க்கிழமை இரவுகளில் கூடி மர்மங்களை விவாதிக்கின்றனர். வழக்கறிஞர், பாதிரியார், ஓய்வுபெற்ற உயர் காவல் அதிகாரி எல்லாரும் அங்கு உண்டு. விடையைக் கண்டவரோ, கிராமத்தை விட்டு அதிகம் வெளியே போகாத, பின்னல் வேலை செய்துகொண்டிருந்த ஒரு முதியவள்! படித்தபோது எனக்கு எங்கள் ஆயாக் கொட்டகைப் பாட்டியின் நினைவே வந்தது.

1990களின் இறுதியில் கல்வி அமைச்சு தொடங்கிய நிலாம் வாசிப்புத் திட்டத்தால், மாணவர் எத்தனை நூல் படித்தனர் என்று குறித்துவைக்கும் பழக்கம் வந்தது. நல்லதே. ஆனால் நாற்பது நூல்களின் பெயரை எழுதிய மாணவனிடம் ஒன்றைப் பற்றிக் கேட்டால் விழிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு நூலை ஒரு மாதம் முழுதும் பத்துப் பேர் பேசினாலும் போதும் என்பேன். ஒருவர் உரக்கப் படிக்க, கடைசி அத்தியாயத்திற்கு முன் நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொருவரும் தம் ஐயத்தையும் அதற்குரிய சான்றையும் சொல்ல வேண்டும். சான்று தவறு என்று தெரிந்தால், கருத்தை மாற்றிக்கொள்வதில் வெட்கப்படக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் பெரியவர்களுக்குச் சற்றுக் கடினம்.

எல்லா மர்ம நாவல்களும் சிறுவர்க்கு ஏற்றவை என்று நான் வாதாடவில்லை. அட்டைப்படத்தைப் பார்த்தாலே பெட்டிக்குள் பூட்டிவைக்கத் தோன்றும் மாத நாவல்கள் பல வந்ததுண்டு. அவற்றைப் பெரியவர்கள் படித்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்குத் தமிழ்வாணனும் தேவனும் உளர். நம் நாட்டு ஆசிரியர் கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' முதலாகச் சிறுவர்க்கென்றே மர்ம நாவல்கள் எழுதியுள்ளார்.

நான் வளர்ந்த லயங்கள் இன்று இல்லை. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. நீலாய், லாபு பக்கங்களில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வாசலில் கூடுவோர் குறைந்து, கைப்பேசியில் கூடுவோர் பெருகிவிட்டனர். முகந்தெரியாத ஒருவனின் படத்தைப் போட்டு "இவன் பிள்ளை பிடிப்பவன்" என்று ஒரு செய்தி வந்தால், அடுத்த நொடியே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். எதை வைத்து என்று கேட்பவர் யார்?

வரும் தவணை முதல் மாதத்தின் முதற் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளி நூலகத்தில் கூடலாம் என்றிருக்கிறேன். நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் தம் பாட்டி, தாத்தா, பெற்றோருடன் வரலாம். படிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. தேநீர் பள்ளியின் பொறுப்பு. பழைய சங்கர்லால் நாவல்கள் எவர் வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால் கொடுத்து உதவுங்கள். கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தாலும் தடையில்லை.