கோலம் போடும் பிள்ளைக்குக் கோடிங் தூரமில்லை

தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ரோபோட்டிக் போட்டியில் கோப்பை வென்ற செய்தி வந்தால் சமுதாயமே மகிழ்கிறது. ஆனால், படத்தில் நிற்பவர்கள் மூவரோ நால்வரோதான். அதே வகுப்பில் உள்ள மற்ற பிள்ளைகள் நிரலாக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்களா?

'கோடிங்' எனப்படும் நிரலாக்கம் இன்று எல்லா மாணவர்களுக்கும் உரிய பாடம். நான்காம் ஆண்டின் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்திலேயே அது இடம்பெற்றுள்ளது. இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றில் 2017 முதல் அடிப்படைக் கணினி அறிவியல் கற்பிக்கப்படுகிறது. 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு ரத்தானதால், செய்து பார்த்துக் கற்கும் பாடங்களுக்கு நேரம் ஒதுக்கவும் வழி பிறந்துள்ளது.

பட்டணத்துப் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நன்கொடையாளர்களும் கருவிகள் வாங்கித் தர முடிகிறது. தோட்டப்புறப் பள்ளிகளுக்கு அந்த வசதி எளிதில் அமைவதில்லை. "எல்லாம் வந்த பிறகு பார்க்கலாம்" என்று இருந்தால், ஒரு பிள்ளையின் ஆறு ஆண்டுகள் அதற்குள் ஓடிவிடும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒருமுறை பதிவிறக்கினால் இணையம் இல்லாமலும் இயங்கும். வண்ணக் கட்டங்களை வரிசையாகப் பொருத்தினால் திரையில் பூனை நடக்கும். வரிசை தவறினால் நின்றுவிடும். எங்கே பிழை என்று பிள்ளையே தேடத் தொடங்கும். பாடத்தில் ஈடுபாடு பிறப்பது அந்தத் தேடலில்தான்.

கணினி இல்லாமலும் தொடங்கலாம். ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, ஒரே வளைவை நான்கு பக்கமும் திரும்பப் போட்டால் கோலம் வந்துவிடும். இப்படித் திரும்பச் செய்வதை நிரலாக்கத்தில் 'லூப்' என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் 'மைக்ரோபிட்' கருவியிலும் ஐந்துக்கு ஐந்தாக 25 சிறு விளக்குகள் உள்ளன. தாளில் போட்ட புள்ளிக் கோலத்தை அதில் ஒளிரவிடலாம். கருவி வாங்க இயலாத பள்ளி, 'மேக்கோட்' தளத்தின் திரையிலேயே இயக்கிப் பார்க்கலாம்.

இவற்றைத் தமிழில் விளக்குவது முக்கியம். 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்பது தாய்மொழியில் புரிந்துவிட்டால், படிவம் ஒன்றில் அதே பாடம் மலாய்மொழியில் வரும்போது பிள்ளை திணறாது. கணினி தமிழுக்குப் புதிதும் அன்று. இந்நாட்டின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1985லேயே தொடங்கினார்.

சிறிய பள்ளிக்கு ஒரு பலமும் உண்டு. பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஐந்து கணினிகள் இருந்தால் போதும், யாரும் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. ஆகவே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எத்தனை கோப்பை என்று கேட்பதற்கு முன், "இந்த மாதம் என் பிள்ளை எத்தனை முறை கணினி முன் உட்கார்ந்தது?" என்று பெற்றோர் கேட்கட்டும்.