அம்மோனியா கசிவு: எண்ணூர் நிகழ்வும் நீங்கள் அறிய வேண்டியவையும்

2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் பகுதி மக்கள் கண் எரிச்சலுடனும் மூச்சுத்திணறலுடனும் விழித்தெழுந்தனர். கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் ஏற்பட்ட கசிவே இதற்குக் காரணம். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றனர்.

இது உர ஆலைகளுக்கு மட்டுமே உரிய ஆபத்து அன்று. ஐஸ் ஆலைகள், மீன் பதப்படுத்தும் நிலையங்கள், குளிர்பதனக் கிடங்குகள் பலவற்றிலும் அம்மோனியாவே குளிரூட்டியாகப் பயன்படுகிறது. ஆகவே, பொம்மையார்பாளையம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து இப்பணிகளுக்குச் செல்வோரும் அவர்களின் குடும்பத்தினரும் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

உடலில் என்ன நிகழ்கிறது?

அம்மோனியா ஈரத்துடன் கலந்து அரிக்கும் காரமாக மாறுகிறது. எனவே கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவை முதலில் பாதிக்கப்படுகின்றன. கண்ணில் பட்ட காரம் ஆழமாக ஊடுருவிப் பார்வையைப் பறிக்கக்கூடும். திரவ அம்மோனியா தோலை உறையச் செய்து புண்ணாக்கும்.

உடனே செய்ய வேண்டியவை

• காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகி, கசிவுக்கு எதிர்க்காற்றுப் பக்கம் செல்லுங்கள்.
• கண்ணையும் தோலையும் குறைந்தது 15 நிமிடங்கள் தூய நீரால் தொடர்ந்து கழுவுங்கள். தோலில் உறைந்து ஒட்டிய ஆடையைப் பிய்க்காமல், நீர் ஊற்றித் தளர்த்திய பின் அகற்றுங்கள்.
• 108-ஐ அழையுங்கள்.

செய்யக் கூடாதவை

• எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றாதீர்கள். காயம் மேலும் மோசமாகும்.
• சுவாசக் கருவியின்றி எவரையும் மீட்க உள்ளே செல்லாதீர்கள். ஈரத்துணி சிறிதளவே காக்கும்.

பராமரிப்போர் கவனத்திற்கு

எரிச்சல் தணிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது எனக் கருத வேண்டாம். நுரையீரல் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். குரல் கம்முதல், விழுங்கச் சிரமம், இளைப்பு, நெஞ்சு இறுக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆஸ்துமா நோயாளிகள், குழந்தைகள், முதியோர் ஆகியோரிடம் கூடுதல் கவனம் தேவை. "அம்மோனியா பட்டது" என்று மருத்துவரிடம் தெளிவாகக் கூறுங்கள்.

பணியிடத்தில்

எட்டு மணி நேரப் பணியில் காற்றில் அம்மோனியாவின் சராசரி அளவு பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக் கூடாது. மூக்கு அந்நெடிக்குப் பழகிவிடும். ஆதலால் நெடியை மட்டும் நம்பாதீர்கள். கசிவு உணர்கருவி, கண் கழுவும் குழாய், சுவாசக் கருவி, வெளியேறும் வழி ஆகியவை எங்குள்ளன என்பதை வேலையில் சேரும் நாளிலேயே கேட்டறியுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை.