கண்மாய்க் கரையும் படகுத்துறையும்

சமயநல்லூர் வழியாய்க் கோடைக்கானல் சென்று, ஏரியிற் படகேறி மீண்ட நண்பர் சிலர், வீடுகள் சூழ்ந்த நமது வண்டியூர்க் கண்மாயிலும் படகு விடுதல் தகுமோ என வினவுகின்றனர். (தெப்பம் ஓடும் மாரியம்மன் குளம் வேறு.) தகும் என்றே யாம் கூறுவோம், எந்தக் கரையில் என்பதே விஷயம்.

மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் துரை முயன்று 1863-இல் உண்டாக்கிய கோடைக்கானல் ஏரியை ஏறக்குறைய 5 கிலோமீட்டர்ச் சாலை சுற்றிச் செல்கின்றது. அதனாலன்றோ யாவரும் அக்கரையில் உலாவுகின்றனர்! வண்டியூரிலோ கே. கே. நகரும் அண்ணாநகரும் கண்மாயை அண்டி நிற்கின்றன.

கரை முழுதையும் வியாபார ஸ்தலமாக வகுத்தால், படகினும் அதன் பரிவாரமே உபத்திரவமாம்: சிற்றுண்டிச்சாலை, வண்டிக் கூட்டம், ஒலிபெருக்கி, கழிவுநீர். எதுவுமே கூடாதென விலக்கினாலோ, காவலற்ற கரையைக் குப்பையும் ஆக்கிரமிப்பும் கொள்ளும். ஆதலின் துறையும் கடையும் பெருஞ்சாலைப் பக்கம் அமைக; வீடுகள் உள்ள பக்கத்தில் மரமும் நடைபாதையுமே இருக்க. வரத்துக்கால், கலுங்கு, நீர்பிடிப்பு இவற்றில் ஒரு கல்லும் நடலாகாது.

மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் வற்றும். படகைக் கரையேற்றிவிடலாம், கட்டடத்தை என் செய்வது? கழற்றி எடுக்கத்தக்க மரத்துறைக்கே, அதுவும் நீருள்ள மாதங்களுக்கு மட்டுமே, அநுமதியளித்தல் வேண்டும்.