வேரின்மேல் புல் வேண்டுமா?

விளையாட்டுப் போட்டியும் பரிசளிப்பு விழாவும் நெருங்குங்கால், பள்ளி வளாகத்தை அழகுபடுத்தும் ஆர்வம் பெற்றோரிடையே பெருகுவது இயல்பு. கோத்தோங் ரோயோங் நாளில் மண்வெட்டி ஏந்தி வரும் அவர்தம் உழைப்புக்குத் தமிழ்ப்பள்ளிகள் பெரிதும் கடன்பட்டுள்ளன. அந்நாளில் அடிக்கடி எழும் யோசனை ஒன்றுண்டு. பெரிய மரத்தடியில் புடைத்து நிற்கும் வேர்களை வெட்டிச் சமன்செய்து, அல்லது மண்கொட்டி மூடி, மேலே புற்பத்தைகளைப் பதிக்க வேண்டும் என்பதே அது. நோக்கம் நன்று; வழி தவறானது என்பது என் கருத்து.

மரத்தின் வேர்கள் யாவும் ஆழத்திலேயே உள்ளன எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்களுள் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்று, ஒன்றரை அடிக்குள்ளேயே பரவியுள்ளது. வேர்களும் சுவாசிக்கின்றன. மாணவர் காலடிபட்டு இறுகிய மண்ணில் காற்று குறைவதால், தூங்குமூஞ்சி மரம், அங்சானா போன்றவற்றின் வேர்கள் மேலெழுந்து தெரிகின்றன. அவற்றின்மேல் அரையடி மண்ணைக் கொட்டினால் மரம் மெல்ல மூச்சுத் திணறும். இலை உதிர்வதும் கிளை பட்டுப்போவதும் சில ஆண்டுகள் கழித்தே தெரியும். அப்போது காரணம் யாருக்கும் நினைவிராது.

பெருவேரை வெட்டுவதோ அதனினும் கொடிது. மரத்தைத் தாங்கி நிற்பவை அவ்வேர்களே. வெட்டுக்காயத்தின் வழி அழுகல் புகும். ஒருநாள் புயற்காற்றில் மரம் சாயும். அதன் நிழலில் அமர்பவர்கள் நம் பிள்ளைகள் என்பதை மறத்தலாகாது.

இத்தனைக்கும் பின் புல்லாவது செழிக்குமா? அதுவுமில்லை. அடர்ந்த நிழலில் வெயிலின்றியும், வேர்களோடு நீருக்குப் போட்டியிட்டும் அது வெளிறி மடியும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் சேர்த்த பணமும் வீணாகும்.

தோட்டத்து மக்களுக்கு இப்பாடம் புதிதன்று. 1896-இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். தொடக்ககாலத் தோட்டங்களில் மரத்தடியைப் புல்பூண்டின்றிச் செதுக்கி வைப்பதே சிறப்பெனக் கருதப்பட்டது. செதுக்கியவை நம் முன்னோர் கைகள். கண்ணுக்குத் துப்புரவாய் இருந்த அத்தரையின் மேல்மண்ணை மழை அரித்துச் சென்றது. பின்னரே அவரையினக் கொடிகளைப் படரவிட்டு மண்ணைக் காக்கும் முறை பரவியது. கண்ணுக்கு அழகானது யாவும் மரத்துக்கு நன்மையன்று என்பதைத் தோட்டம் அன்றே கற்றுக்கொண்டது.

ஆகவே, புற்பத்தைகளை வெயில்படும் திடலில் பதிப்போம். மரத்தடியில் உதிர்ந்த இலைகளை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பி, அடிமரத்தைத் தொடாதவாறு சிறிது இடம் விடுவோம். நிழல் மெலிந்த ஓரங்களில் பசுமை வேண்டின், வேர்களின் இடைவெளியில் மட்டும் சிறு புல்முளைகளைக் கையால் நடுவோம். மாணவர் ஓடும் வழியை வேர்களைவிட்டு விலக்கி அமைப்போம். தடுக்கி விழும் அச்சமும் நீங்கும்.

பரமேஸ்வரா இளைப்பாறிய மரத்தின் பெயரே மலாக்காவுக்கு வாய்த்ததென்பது வழிவழிச் செய்தி. அம்மரம் நாமறிந்த நெல்லியே. மரத்தால் பெயர்பெற்ற மாநிலத்தில் ஒருநாள் விழாவின் அழகுக்காகப் பல்லாண்டு நிழலை இழத்தல் தகுமா? பெற்றோர் பெருமக்கள் சிந்திப்பார்களாக.