தமிழில் ஒப்பமிட்டால் சான்றாள் வேண்டுமாம்!

சிதம்பரத்தை அடுத்த சிற்றூர் உழவர் ஒருவர் தம் வாழ்நாளைக் காப்பீடு செய்ய முற்படுகிறார் என வைத்துக்கொள்வோம். முகவர் நம்மூரார், நல்லவர். ஆனால் அவர் நீட்டும் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். முன்பு வந்த நோய்கள் எவை, பெற்றோர் எதனால் இறந்தனர் என வினாக்கள் நீளும். உழவர் தமிழில் சொல்லச் சொல்ல, முகவர் ஆங்கிலத்தில் நிரப்புவார். இறுதியில் உழவர் தமிழில் ஒப்பமிடுவார். அவ்வளவில் முடிவதில்லை. 'இவற்றை இவருக்கு விளக்கிச் சொன்னேன்' என இன்னொருவர் உறுதி கூறி ஒப்பமிட வேண்டும். கைந்நாட்டு வைப்பவருக்கும் இதே ஏற்பாடுதான். தொல்காப்பியத்தைக் கரைத்துக் குடித்த புலவரும், தமிழில் ஒப்பமிட்டால், எழுத்தறியாதார் வரிசையில்தான் நிற்க வேண்டும்!

இது மானச் சிக்கல் மட்டுமன்று, சோற்றுச் சிக்கலுமாகும். காப்பீடு எடுத்த மூன்றாண்டுக்குள் அவ்வுழவர் இறந்தால், உண்மை மறைக்கப்பட்டதெனக் கூறி இழப்பீட்டை மறுக்க 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு இடந்தருகிறது. மூன்றாண்டு கடந்துவிட்டால் எக்கரணியத்தாலும் மறுக்கவியலாது என 2015-இல் திருத்தியது ஓர் ஆறுதல். அதற்கு முன்னரோ, முகவர் விட்டெழுதிய ஒரு சொல்லுக்காக, கணவர் படித்தே பாராத எழுத்துக்காக, அவர்தம் கைம்பெண் விடைசொல்ல வேண்டும்.

இந்நிலை ஏன்? தலை ஓரிடத்திலும் உடல் ஓரிடத்திலும் கிடப்பதால்தான். 1956-இல் 245 காப்பீட்டு அமைப்புகளை ஒன்றாக்கி வாழ்நாள் காப்பீட்டுக் கழகத்தை நடுவணரசு அமைத்தது. அரசு இட்ட முதல் ஐந்து கோடி உருபா. பின்னர் மலைபோற் குவிந்ததெல்லாம் மக்கள் பணம். தனியாரிடமிருந்து மீட்டது சரியே. யார் கையில் ஒப்படைத்தனர் என்பதே நம் வினா. 1906-இல் சென்னையில் தோன்றிய 'யுனைட்டெட் இந்தியா' வாழ்நாள் காப்பீட்டு நிறுவனமும் அதனுள் அடங்கிற்று. தலைமையகமோ மும்பையில் அமைந்தது.

மறு ஆண்டே, 1957-இல், முதலீட்டுக் குழுவைக் கேளாமலே, அரிதாசு முந்திரா என்னும் வணிகரின் ஆறு நிறுவனப் பங்குகளில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி உருபா கொட்டப்பட்டது. பெரோசு காந்தி நாடாளுமன்றத்தில் அதனை வெளிக்கொணர்ந்தார். நடுவர் சாக்ளா உசாவினார். 1958-இல் நிதியமைச்சர் டி.டி. கிருட்டிணமாச்சாரி பதவி துறந்தார். பணம் கட்டியவனைக் கேளாமலே அவன் பணத்தை ஆளலாம் என்ற அந்நினைப்புத்தான் மொழியிலும் தொடர்கிறது. கழகத்தின் இலச்சினையில் சமற்கிருத வரி. 2024 நவம்பரில் அதன் இணையத்தள முகப்பு இந்தியில் வந்து நின்றது. தமிழகம் கொதித்தெழுந்ததும், நுட்பக் கோளாறு என்று சொல்லிச் சரிசெய்தனர். கோளாறு ஒருநாளாவது தமிழின் பக்கம் சாய்ந்ததுண்டா?

இந்தித் திணிப்பை எதிர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் 1965 சனவரி 27-இல் காவலர் சூட்டில் வீழ்ந்த ஊர் சிதம்பரம். அங்கும் கடலூரிலும் கழகக் கிளைகளுக்குச் செல்லும் அன்பர்கள் முதலில் தமிழ்ப் படிவத்தைக் கேட்க வேண்டும். இல்லையென்றால், இல்லையென எழுதித் தரச் சொல்ல வேண்டும். முகவர் நிரப்பியதை வரிவரியாகத் தமிழில் சொல்லச் செய்து, படியொன்றை வீட்டில் வைத்துக்கொள்க. ஒப்பத்தைத் தமிழிலேயே இடுக. சான்றாள் வேண்டுமென்பாராயின், நம்முள் ஒருவர் உடன் செல்வோம்.