திரையும் ஒரு தராசே!

கடைவீதியில் காய்கறி விற்பவரின் தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும் என்பது சட்டம். தொழிலாளர் துறை அலுவலர் குறித்த காலத்தில் அதைச் சோதித்து மறுமுத்திரை இடுவார். தட்டின் அடியில் புளியை ஒட்டி எடையில் ஏமாற்றுபவரை நாம் கெட்டிக்காரர் என்று புகழ்வதில்லை. திருடர் என்றே சொல்வோம். அப்படியிருக்க, கைப்பேசித் திரையில் நடக்கும் எடைமோசடியை மட்டும் நாம் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

நம் தோழி ஒருத்தியின் தந்தை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பாலைத் தொழிலாளி. 'ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் படம் பார்க்கலாம்' என்ற விளம்பரத்தைக் கண்டு, மகளிடம் கைப்பேசியைக் கொடுத்தார். அவள் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அவர் இரகசிய எண்ணை இட்டார். எட்டாம் நாள் 299 ரூபாய் போயிற்று. அடுத்த மாதமும் போயிற்று. மாதந்தோறும் பணம் தானாகவே பிடிக்கப்படும் என்ற செய்தி அங்கே இருக்கத்தான் செய்தது; எறும்பு போன்ற எழுத்தில், மங்கிய நிறத்தில், ஆங்கிலத்தில்! சேருவதற்கு ஓர் அழுத்து. விலகுவதற்கோ பக்கம் பக்கமாக அலைச்சல். வீட்டில் திட்டு வாங்கியவள் அவள்தான்.

தவறு அவளுடையதா? இல்லை என்பதே நம் கருத்து. இது கவனக்குறைவால் வந்ததன்று. திட்டமிட்டு வரையப்பட்ட பொறி. இத்தகைய உத்திகளுக்கு 2010ஆம் ஆண்டில் ஹாரி பிரிக்னல் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயரிட்டார். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இவற்றில் 13 வகைகளைத் தடைசெய்து நெறிமுறைகள் வெளியிட்டது. 'இன்னும் இரண்டே உள்ளன' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேளாத பொருளைக் கூடையில் நுழைப்பது, மறுப்பவரை வெட்கப்பட வைப்பது, விலகும் வழியை மறைப்பது ஆகியவை அவற்றுள் சில.

அமெரிக்காவில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் குழப்பமான பொத்தான்களால் விளையாடியவர்கள் வேண்டாத பொருள்களுக்குப் பணம் இழந்தனர். அதன் நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

'ஏமாறுகிறவன் இருந்தால் ஏமாற்றுகிறவனும் இருப்பான்' என்பர் சிலர். இரவு ஷிப்டு முடித்து அரைத்தூக்கத்தில் வருபவருக்கும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்து ஆங்கிலம் அறியாதவருக்கும் இந்த நியாயம் பொருந்துமா? புரியாமல் சொன்ன 'சரி' சம்மதம் ஆகாது. நம் பேச்சு ஒளிவுமறைவின்றி நேராக இருக்க வேண்டும் என்று மலைப்பொழிவில் இயேசு பெருமான் கற்பித்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே நல்ல வாணிகம் என்பது வள்ளுவர் கருத்து.

2025 ஜூனில் அந்த ஆணையம், இணைய வணிக நிறுவனங்கள் மூன்று மாதத்திற்குள் தம் தளங்களைத் தாமே தணிக்கை செய்யுமாறு அறிவுறுத்தியது. நல்ல தொடக்கந்தான். ஆனால் தன் தராசுக்குக் கடைக்காரர் தாமே முத்திரை குத்திக்கொள்ள நாம் விடுவதில்லையே! திரையையும் வெளியார் சோதிக்க வேண்டும். விலையும் நிபந்தனையும் தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சேர எத்தனை அழுத்தோ, விலகவும் அத்தனையே போதும்.

தோழியரே! பல வீடுகளில் பெற்றோருக்காகப் பொத்தானை அழுத்தும் விரல் நம்முடையது. அழுத்துமுன் முழுவதும் படித்து, அவர்களுக்குச் சொல்லுவோம். ஏமாற்றப்பட்டால் ஏமாந்தவரை ஏசாமல், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடுவோம். நாளை நம்மில் சிலர் பொறியாளராகி இத்திரைகளை நாமே வரையக்கூடும். அன்று, சம்பளம் தருபவர் கேட்டாலும், தட்டின் அடியில் புளி ஒட்ட மறுப்போமாக!